நாள் பங்காளிகள்

நான் பிறந்தது 1980 ஜூன் 24ஆம் திகதி, அதிகாலை 1.40க்கு. பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் சொல்கிறது. அம்மம்மா கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. விடியாமல் நாள் எப்படி மாறும் என்பது அவருடைய கேள்வி. யாராவது என் பிறந்த கிழமையைக் கேட்டால், "திங்கள் இரவு விடிந்தால் செவ்வாய்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார். சாதகக் கொப்பியிலும் அதே வரிதான். நட்சத்திரம் சுவாதி.

ஆக, சான்றிதழில் நான் 24. அம்மம்மாவுக்கு நான் 23. வீட்டுக்குள் ஒரு பகிடியாக இருந்த இந்த விஷயம் பெரிதானது மாமாவின் கடையால்.

மாமா வெள்ளவத்தையில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தார், கேட்ட பாட்டைக் கசெட்டில் பதிந்து கொடுக்கிற கடை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எட்டடிக்குப் பத்தடி அறை. ஒரு டேர்ன்டேபிள், இரண்டு டபுள் டெக், சுவர் நிறையக் கசெட். கரையோரப் பாதையில் ரயில் போனால் கண்ணாடி அலுமாரி அதிரும், இசைத்தட்டில் ஊசி துள்ளும். அதனால் ரயில் நேர அட்டவணையைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். இசைத்தட்டிலிருந்து எடுக்க வேண்டிய பாட்டென்றால் இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் எடுப்பார். ரயில் பிந்தி வந்தால் பாட்டு கெட்டது. பிந்தாத நாளும் குறைவு.

அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பக்கத்துக்கு ஒரு திகதியாக 366 பக்கம், மூன்று கொப்பிகளைச் சேர்த்துத் தைத்தது. பாடகர், இசையமைப்பாளர், கவிஞர், வாத்தியக்காரர் என்று யாருடைய பிறந்த திகதி கிடைத்தாலும் அந்தப் பக்கத்தில் ஏறும். தமிழ் ஆட்களின் திகதிகள் பத்திரிகைகளின் சினிமாப் பக்கத்திலிருந்தும் வானொலி அறிவிப்புகளிலிருந்தும் வந்தன. ஆங்கில ஆட்களுக்காக மாதத்துக்கொரு தடவை பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய்த் தடித்த புத்தகங்களைப் பார்த்து எழுதிவருவார்.

எல்லாம் வியாபாரம்தான். பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் வருகிறவரிடம் திகதியைக் கேட்பார். அந்தத் திகதியில் பிறந்தவர்களின் பாட்டுகளை ஒரு சி-60 கசெட்டில் அடித்துக் கொடுப்பார். இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த ஊர் இது. அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா, மாமா, மாமி, சித்தப்பா, சித்தி என்று அறிவிப்பாளர் உறவுமுறைகளை அடுக்கிக்கொண்டே போவார். பிள்ளையின் பெயரைவிட வாழ்த்துகிறவர்களின் பட்டியல் நீளும். மாமா அந்தப் பட்டியலில் இன்னுமோர் உறவைச் சேர்த்தார். ஒரே திகதியில் பிறந்தவர்களை 'நாள் பங்காளிகள்' என்பார். பங்காளி என்ற சொல்லைத் தெரிந்துதான் எடுத்தார். "தம்பி, பங்காளி எண்டா சொத்திலயும் பங்கு, சண்டையிலயும் பங்கு" என்று எனக்கு விளக்கமும் தந்தார்.

ஜூன் 24ஆம் பக்கம்தான் கொப்பியில் ஆகக் கசங்கிய பக்கம். எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவதால் வந்த கசங்கல். கண்ணதாசன், 1927, சிறுகூடல்பட்டி. எம்.எஸ். விஸ்வநாதன், 1928, பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளி. ஒருவர் செட்டிநாட்டுப் பிள்ளை, மற்றவருக்குத் தாய்மொழி மலையாளம். ஒரு வருடம் முன்பின்னாக ஒரே திகதியில் பிறந்த இருவர் ஓர் ஹார்மோனியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, தமிழ் பேசுகிற வீடுகளின் கலியாணம், தாலாட்டு, கள்ளுக்கடை, சாவு எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மெட்டு முதலில் வரும். கண்ணதாசன் வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பங்காளிகள் என்றால் இவர்கள்தான். மற்ற எல்லாப் பொருத்தத்தையும் நான் இந்தப் பொருத்தத்தோடு வைத்துத்தான் பார்ப்பேன்; பெரும்பாலானவை தோற்றுவிடும்.

கண்ணதாசன் 1981 ஒக்டோபர் 17இல் சிகாகோவில் இறந்தபோது வயது 54. விஸ்வநாதன் 2015 ஜூலை வரை இருந்தார். எண்ணிப் பார்த்தேன்: தன்னுடைய 34 பிறந்தநாள்களை அவர் மற்றவர் இல்லாமல் கண்டிருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஒருவர் வீட்டுக்கு வரும்போது அந்தத் திகதி இன்னொருவருடையதும் என்பது எப்படி நினைவுக்கு வராமல் போகும்?

அதே பக்கத்தில் கீழே இரண்டு வெள்ளைக்காரர்கள்: கித்தார் வாசித்த ஜெஃப் பெக், 1944, ஃபிளீட்வுட் மேக் குழுவின் டிரம்ஸ்காரர் மிக் ஃபிளீட்வுட், 1947. கவிஞர், மெட்டுக்காரர், கித்தார்காரர், டிரம்ஸ்காரர். ஒரு பாட்டுக்கு வேண்டிய ஆட்கள் ஒரே திகதியில் கிடைத்துவிட்டார்கள், பாடகர்தான் பாக்கி என்று மாமா சிரிப்பார். பாடகர் நானா என்று கேட்டேன். "நீ 23 எல்லோ?" என்றார். அம்மம்மாவின் அணி.

ஜனவரிப் பக்கங்கள் ஆளால் நிரம்பி வழிந்தன. 6ஆம் திகதி ஏ.ஆர். ரஹ்மான், கூடவே பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட். 8ஆம் திகதி எல்விஸ் பிரெஸ்லி, டேவிட் போவி, பிறகு நான் எழுதிச் சேர்த்த ஹாரிஸ் ஜெயராஜ். 10ஆம் திகதி யேசுதாஸ், அவரோடு ரொட் ஸ்டூவர்ட். ஒருவர் குரலில் பிசிறே இல்லை, மற்றவர் குரலில் பிசிறைத் தவிர ஒன்றும் இல்லை. 19ஆம் திகதியில் சீர்காழி கோவிந்தராஜனும் ஜானிஸ் ஜோப்ளினும். இந்த இருவரையும் ஒரே கசெட்டில் கேட்டவர்கள் உலகத்திலேயே மாமாவின் வாடிக்கையாளர்கள் மட்டும்தான் என்று பந்தயம் கட்டுவேன். உச்சஸ்தாயியில் இருவரும் நிற்கிற நிற்பில் ஏதோ ஒற்றுமை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைத் திகதியின் கணக்கில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. போவி தான் எல்விஸின் பிறந்தநாளில் பிறந்ததைப் பெருமையாக எடுத்துக்கொண்டாராம். பரவாயில்லை, அது அவருடைய உரிமை.

திகதியின் கணக்கில் எழுத எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வாய்ப்புக் கணக்கு. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கிற வாய்ப்பு பாதிக்குமேல். என் வகுப்பில் 41 பேர் இருந்தோம். அந்த எண்ணிக்கைக்கு 90 வீதம் வரும். எங்களில் இருவருக்கு இருந்தது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் *என்* திகதியிலேயே ஒருவர் வேண்டுமென்றால் கதை வேறு. பாதி வாய்ப்புக்கே 253 பேர் வேண்டும். மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் அதன் விளைவு நன்றாகத் தெரியும். கொப்பியில் கிட்டத்தட்ட 400 பெயர் ஏறியபிறகும் மூன்றில் ஒரு பங்கு பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு பக்கம்கூட வெறுமையாக இல்லாமல் நிரப்ப வேண்டுமென்றால், சராசரியாக 2,300 பேருக்கு மேல் எழுத வேண்டும். அவரோ சலித்துக்கொள்வார்: இருக்கிற பக்கத்துக்கே திரும்பத் திரும்ப ஆள் வருகிறது, இல்லாத பக்கத்துக்கு ஒருவரும் வருவதில்லை என்று.

வெற்றுப் பக்கத்தில் பிறந்த வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்தார்? பொய் சொன்னார். பிறந்த திகதி எங்கும் அச்சாகாத பழைய பாடகர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை அந்தந்த நாட்களில் குடியேற்றிவிட்டார். பென்சிலால் எழுதியிருப்பார், உண்மையானவை பேனையில். கொப்பி என் கைக்கு வந்தபோது முதல் வேலையாக அந்தப் பென்சில் பெயர்களை அழிக்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பேனையில் எழுதியவையும் எல்லாம் நிலைக்கவில்லை. இளையராஜா முதலில் ஜூன் 3இல் இருந்தார். பிறகு ஓர் அம்புக்குறி போட்டு 2ஆம் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார் மாமா. ஜூன் 3 கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள். 'இசைஞானி' பட்டம் தந்தவர் அவர். அந்த நாளை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுத் தன்னுடையதை முந்தின நாளில் கொண்டாடுகிறார் இளையராஜா. பங்காளிகளில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு எழுதிக் கொடுத்த ஒரே வழக்கு எனக்குத் தெரிந்து இதுதான். நகர்ந்ததில் இன்னொன்றும் நடந்தது. 3ஆம் திகதியில் அமெரிக்கப் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்டுக்குப் பக்கத்தில் இருந்தவர், 2ஆம் திகதிக்கு வந்து ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வொட்ஸுக்கும் இயக்குநர் மணிரத்னத்துக்கும் பங்காளியானார். மணிரத்னத்தின் முதல் படத்துக்கு, 1983இல், இசையமைத்தவரும் இளையராஜாதான்.

ஜாஸ் பாடகர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் கதை எதிர்ப்பக்கம். 1900 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம், தன் பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்து 1971இல் இறந்தார். பல வருடம் கழித்து நியூ ஓர்லியன்ஸில் ஞானஸ்நானப் பதிவேடு அகப்பட்டது. அதில் 1901 ஓகஸ்ட் 4 என்றிருந்தது. மாமா பார்த்தது பழைய புத்தகம். ஜூலை 4இல்தான் எழுதியிருந்தார். நான் அடித்து ஓகஸ்ட் 4இல் எழுதினேன். அங்கே ஏற்கெனவே கிஷோர் குமார், 1929. வாத்தியம் இல்லாத இடத்தில் தொண்டையாலேயே வாத்தியம் வாசித்த இரண்டு பேர், அதுவும் ஒருவர் செத்தபிறகு பங்காளியானார்.

எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு இருக்கிறது. சித்தியின் மகன் 1998 ஜனவரி 6ஆம் திகதி இரவு 12.10க்குக் கொழும்பில் பிறந்தான். ரஹ்மானின் பங்காளி என்று அவனுக்கு ஏக பெருமை. அவனை அடக்க நான் வைத்திருக்கும் ஆயுதம் கடிகாரம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணியை 2006 ஏப்ரலில்தான் தந்தது. இடைப்பட்ட அந்தக் காலமெல்லாம் கலியாணக் கார்ட்டில்கூடப் 'புதிய நேரம்', 'பழைய நேரம்' என்று எழுதிய காலம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஆகவே தம்பி பிறந்த அதே நொடியில் அங்கே ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதற்கு இரவு 11.40, ஜனவரி 5. ரஹ்மான் அரை மணி நேரத்தால் கிடைத்தவர் என்று சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கும். சரி, 5ஆம் திகதியும் மோசமில்லை: இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது 1967 ஜனவரி 5இல். மறுநாள்தான் சென்னையில் ரஹ்மான் பிறந்தார்.

அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் இந்தச் சண்டை எதுவும் தேவையில்லை என்றிருப்பார். அவருக்குப் பிறந்தநாள் என்றால் மாதமும் நட்சத்திரமும்தான். ஆனிச் சுவாதிக்குக் கோயிலில் அர்ச்சனை. திகதி என்பது கேக் வெட்டுகிறவர்களுக்கு. அந்தக் கணக்கில் கண்ணதாசனும் விஸ்வநாதனும் பங்காளிகளே இல்லை. சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளும் ஒரு எட்டு மணித்தியாலமும் எடுக்கும், வருடத்துக்குள் அது முழுச் சுற்றாக முடியாது. ஒரு வருடம் தள்ளி அதே திகதிக்கு வந்தால் நட்சத்திரம் பத்துப் பதினொன்று தாண்டிப் போயிருக்கும். திரும்பத் திகதியும் நட்சத்திரமும் ஒன்றுசேர 19 வருடம் வேண்டும்.

19 தெரிந்ததும் கொப்பியை எடுத்து 19, 38, 57 வருட இடைவெளி உள்ளவர்களைத் தேடினேன். ஓகஸ்ட் 29இல் அகப்பட்டார்கள். சாக்ஸஃபோன் வாசித்த சார்லி பார்க்கர் 1920, மைக்கல் ஜாக்சன் 1958. இடையில் 38 வருடம். நட்சத்திரமும் ஒன்றேதான், தவறினாலும் அடுத்ததுதான். அதே பக்கத்தில் நடுவில் பாடகி டைனா வாஷிங்டன், 1924. இந்தப் பக்கத்தை எனக்குப் பிடிக்கக் காரணம் நட்சத்திரம் அல்ல, இந்த நாளில் பிறக்காத ஒருவர்: குயின்சி ஜோன்ஸ். 1950களில் டைனா வாஷிங்டனுக்கு இசைக்கோர்வை எழுதிக்கொடுத்த இளைஞர் அவர். கால் நூற்றாண்டு கழித்து மைக்கல் ஜாக்சனின் ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவர்தான். ஒரே நாளில் பிறந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் ஓர் ஆள் நடந்து போயிருக்கிறார். (அவருடைய திகதி 1933 மார்ச் 14. நடிகர் மைக்கல் கெய்னும் அதே வருடம் அதே நாள்.)

இந்தத் 'தயாரிப்பாளர்' என்ற இனத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மாமா கடைசிவரை தடுமாறினார். நமக்குத் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குக் காசு போடுகிறவர். பாட்டை உருவாக்குகிற வேலை முழுவதும் இசையமைப்பாளர் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிடும். பாடுகிறவரிடமிருந்து எதை வாங்குவது, எந்த வாத்தியத்தை வெளியே அனுப்புவது, எந்த டேக்கை வைப்பது என்று முடிவெடுக்கிற வேலைக்கு மேற்கத்திய இசையில் தனியாக ஆள் உண்டு. பீட்டில்ஸுக்கு அதைச் செய்த ஜோர்ஜ் மார்ட்டின் 1926 ஜனவரி 3. லெட் செப்பலினில் பேஸ் வாசித்த ஜோன் போல் ஜோன்ஸும் ஜனவரி 3, 1946. ரிக் ரூபின் 1963 மார்ச் 10, டிம்பலாண்ட் 1972 மார்ச் 10. ராப் பாடகர் ஜே-ஸீ 2003இல் வெளியிட்ட ஓர் ஆல்பத்தில் இந்த இருவரும் ஆளுக்கொரு பாட்டுத் தயாரித்திருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் கேட்டால் பங்காளிகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒருவர் ரொக் கித்தாரை உடைத்து உடைத்துப் போடுகிறார், மற்றவர் இடைவெளிகளாலேயே தாளம் கட்டுகிறார்.

மே 15இல் ஆங்கிலேயத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் நம் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும். ஒக்டோபர் 16இல் அனிருத், ஜோன் மேயர், கிரேட்ஃபுல் டெட் குழுவின் பொப் வியர். பின்னிருவரும் 2015 முதல் ஒரே மேடையில் ஒரே குழுவாக வாசித்தவர்கள், 30 வயது வித்தியாசத்தில். பிறந்தநாள் அன்று கச்சேரி இருந்தால் கேக் ஒன்று மிச்சம்.

ஆனால் மாமாவின் கொப்பியிலேயே உண்மையான இரட்டையர்கள் டிசம்பர் 5இல் இருக்கிறார்கள். மொரட்டுவையில் கொரலவெல்லவில் சிங்களப் பாடகர் அமரதேவ பிறந்தது 1927 டிசம்பர் 5. அதே நாள் காலை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர் தாய்லாந்து மன்னர் பூமிபோல்; கொழும்பில் அப்போது விளக்கு வைத்திருப்பார்கள். அதே திகதி, அதே வருடம், அம்மம்மா கணக்கில் தவறினாலும் ஒரு நட்சத்திரம்தான். மன்னர் ஜாஸ் பிரியர், சாக்ஸஃபோன் வாசிப்பார், பாட்டுகளுக்கு மெட்டமைப்பார், 1960இல் அமெரிக்கா போனபோது ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனோடு சேர்ந்து வாசித்தார். அமரதேவ வயலினும் குரலுமாகச் சிங்கள இசைக்கே ஒரு முகம் கொடுத்தார், 1972இல் மாலைதீவின் தேசிய கீதத்துக்கு மெட்டும் போட்டார். 2016 ஒக்டோபர் 13இல் மன்னர் இறந்தார். சரியாக 21 நாள் கழித்து, நவம்பர் 3இல், அமரதேவ. இருவருக்கும் 88. அந்த வாரம் பஸ்ஸிலும் தேநீர்க்கடையிலும் அமரதேவவின் குரலே கேட்டுக்கொண்டிருந்தது. கனடாவில் இருந்த மாமாவுக்கு வட்ஸ்அப்பில் இந்தக் கணக்கை அனுப்பினேன். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருப்பினமோ?" என்று மட்டும் குரல்பதிவு வந்தது.

மாமா கடையை மூடியது சீடிக்கும் எம்.பி.3க்கும் தாக்குப்பிடிக்க முடியாமல். ஸ்கார்பரோவுக்குப் போகும்போது டெக்குகளை விற்றார். கொப்பியை என்னிடம் தந்தார்.

அதற்கு முன்பே ஒன்று தந்திருந்தார். 1999 ஜூன் 24, என் 19ஆவது பிறந்தநாள். திகதியும் நட்சத்திரமும் ஒன்றுசேரும் நாள் என்று அம்மம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்திருந்தார். மாலை பம்பலப்பிட்டியில் கோயில், அர்ச்சனை. திரும்பி வரும் வழியில் கடைக்குப் போனோம். மாமா ஒரு சோனி சி-60ஐ நீட்டினார். ஏ பக்கத்தில் 'திங்கள்', பி பக்கத்தில் 'செவ்வாய்' என்று தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். பி பக்கம் எனக்குத் தெரிந்த பக்கம்தான், கண்ணதாசனும் விஸ்வநாதனும் 30 நிமிடம் முழுக்க, கடைசிப் பாட்டுச் சரணத்தோடு அறுந்து. ஏ பக்கம் ஜூன் 23க்கு. அந்தப் பக்கத்தில் கொப்பியில் அப்போது ஒரே ஒரு பெயர்: அமெரிக்கப் பாடகி ஜூன் கார்ட்டர், 1929. இரண்டு பாட்டுப் போட்டிருந்தார். பிறகு ரயில் போகிற சத்தம் கொஞ்சம். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல், 20 நிமிடத்துக்கு மேல்.

"ஆக்கள் கிடைக்கக் கிடைக்க நிரப்பித் தாறன்" என்றார். சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் பேனை முனையால் கசெட்டின் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு தகட்டையும் உடைத்துவிட்டார். அவை உடைந்தால் மேலே பதிய முடியாது. உடைத்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மம்மா என்ன நடந்ததென்று விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

இப்போது 23ஆம் பக்கத்தில் ஜேசன் மிராஸின் பெயரும் இருக்கிறது, வெல்ஷ் பாடகி டஃபியின் பெயரும். இருபது நிமிடத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. உடைந்த ஓட்டைமேல் செலோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும், திரும்பப் பதியலாம். அது மாமாவே சொல்லித்தந்த வித்தை. பழைய டெக் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். ஏ பக்கத்தைப் போட்டுவிட்டு அந்த ரயில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். செலோடேப் இன்னும் ஒட்டவில்லை.